பிஎச்.டி. முடித்துக் கல்லூரிக்கு வெளியே வேலை தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வேதியியலில் பிஎச்.டி. முடித்து, ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆள் எடுக்கும்போது ரெஸ்யூம் பார்க்கும் வேலையும் எனக்கு வரும். திறமை இருந்தும் சின்னத் தவறுகளால் நல்ல ஆய்வாளர்கள் வாய்ப்பை இழப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

முதல் தவறு, காத்துக்கொண்டே இருப்பது. "டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) கால்ஃபர் வரட்டும், அதுவரை கெஸ்ட் லெக்சரர்" என்று தொடங்குவது நான்கைந்து வருடத்தை விழுங்கிவிடும். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அந்த ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. அதையே நம்பி வேறு எதுவும் தேடாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். தேர்வு எழுதுங்கள், ஆனால் இந்தத் தேதிக்குப் பிறகு வேறு வழி என்று காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அடுத்தது ரெஸ்யூம். போன வருடம் ஒரு பெண் அனுப்பியது பதினோரு பக்கம். ஆய்வேட்டின் தலைப்பே மூன்று வரி. அப்புறம் கட்டுரைகள், கருத்தரங்குகள், பயிலரங்குகள். ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'ஹெச்பிஎல்சி இயக்கத் தெரியும்'. கலவையில் இருக்கும் பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி அது. நேரில் தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. துறையில் இருந்த ஒரே ஹெச்பிஎல்சியை நான்கு வருடம் பார்த்துக்கொண்டவர் அவர்தான். வரைபடத்தின் அடிக்கோடு (பேஸ்லைன்) ஆடினால் பம்ப்பில் காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார், பொருட்களைப் பிரிக்கும் குழாய் (column) அடைத்தால் கழுவுவார், சர்வீஸ் இன்ஜினியரைத் துரத்தி வரவழைப்பார். எம்.எஸ்சி. மாணவர்களுக்காக நாலு பக்கத்தில் செய்முறைக் குறிப்பு எழுதி கருவியின் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருந்தாராம். எங்களுக்கு வேண்டியது இதுதானே! இது முதல் பக்கத்தின் முதல் வரியில் இருந்திருக்க வேண்டும். இரண்டு பக்கம் போதும். வேலை அறிவிப்பில் என்ன கேட்கிறார்களோ, அதற்கு நீங்கள் கையால் செய்தது எது என்று எழுதுங்கள்.

விண்ணப்பத்தில் 'ஃப்ரெஷர்' என்று டிக் அடிப்பவர்களும் உண்டு. ஐந்து வருடம் ஆய்வு செய்ததும் அனுபவம்தானே? சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் "நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்" என்பார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். 2023 ஜனவரி முதல் ஆய்வு மாணவருக்கான ஃபெல்லோஷிப்பே ஜேஆர்எஃப் நிலையில் மாதம் 37,000 ரூபாய், அடுத்த எஸ்ஆர்எஃப் நிலையில் 42,000. சிடிசியில் (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) நிறுவனம் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்திருக்கும் என்பதால், அது பெரிதாகத் தெரிந்தாலும் கையில் வருவது ஃபெல்லோஷிப்பை விடக் குறையலாம். அதே வேலையில் இருக்கும் சீனியர் ஒருவரிடம் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

தன் ஆய்வுத் தலைப்புக்கு ஒட்டிய வேலை மட்டுமே தேடுவதும் தவறுதான். மற்றவர்களின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கித் தரும் பேடன்ட் ஏஜென்ட் ஆவதற்கான தேர்வுக்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் போதும், சட்டப் படிப்பு தேவையில்லை. மருத்துவ எழுத்து, மருந்து ஒப்புதல் ஆவணங்கள் தயாரிப்பு என்று நம்மவர்கள் எட்டிப் பார்க்காத இடங்கள் நிறைய. இன்னொரு பக்கம், பயத்தில் ஆன்லைன் கோர்ஸாகச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். பத்து சான்றிதழைவிட, உங்கள் ஆய்வுத் தரவையே வைத்து செய்த ஒரு சின்ன அலசல் என்னிடம் எடுபடும்.

ஆஃபர் வந்த சந்தோஷத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காமல் சேர்ந்துவிடாதீர்கள். ஷிப்ட் வேலைக்கு நடுவே கடைசி அத்தியாயம் எழுதுவது ரொம்பக் கஷ்டம்.

கடைசியாக, கைடிடம் மறைப்பது. நானே ஆறு மாதம் மறைத்தேன், துரோகம் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். ஒரு சாயங்காலம் லேபில் தனியாக இருந்தபோது சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தன் பழைய மாணவர் ஒருவரின் நம்பரை ஒரு ஃபில்டர் பேப்பரில் எழுதிக் கொடுத்தார். எனக்கு முதல் இன்டர்வியூ வாங்கித் தந்தது அந்த நம்பர்தான்.