பிசிபி வரையத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மாணவர் தன் முதல் பிசிபி போர்டை, அதாவது மின்சுற்றுப் பலகையைக் கொண்டுவந்தார். கீகேட் என்ற பிசிபி வரையும் மென்பொருளில் வரைந்தது. 3.3 வோல்ட் வரவில்லை, வோல்டேஜைக் குறைத்து நிலையாகத் தரும் ரெகுலேட்டரில் விரல் வைக்க முடியவில்லை, அப்படிச் சுடுகிறது. மல்டிமீட்டரை எடுக்கும் முன்பே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதே தவறை நான் ஐம்பது போர்டில் செய்திருக்கிறேன்.

டிஆர்சி (போர்டில் பிழை தேடும் மென்பொருள் சோதனை) ஓட்டுங்கள், டிராக்கை (செம்புப் பாதை) மெலிதாகப் போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

டேட்டாஷீட்டைத் திறக்காமல் ஃபுட்பிரிண்ட் வைப்பது

டேட்டாஷீட் என்பது பாகத்தைத் தயாரித்தவர் தரும் விவரத் தாள், ஃபுட்பிரிண்ட் என்பது அந்தப் பாகம் போர்டில் உட்காரும் செம்புத் தடம். 7805 ரெகுலேட்டரில் முதுகிலுள்ள உலோகத் தகடு கிரவுண்டு. பல வருடம் அதையே வைத்துப் பழகியவன் நான். ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டருக்கு மாறியபோதும் தகடு கிரவுண்டாகத்தான் இருக்கும் என்று எண்ணி, நானே சுற்று வரைபடத்துக்கான சிம்பல் வரைந்து, அந்தத் தகட்டை (டேப்) கிரவுண்டோடு சேர்த்தேன். வெப்பம் இறங்கட்டும் என்று அதன் அடியில் ஒன்பது வயா (செம்பு பூசிய துளை) வேறு போட்டேன். ஆனால் ஏஎம்எஸ்1117-இல் கால் 1 கிரவுண்டு, 2 அவுட்புட், 3 இன்புட். டேப் உள்ளுக்குள் இரண்டாம் காலோடு சேர்ந்தது. அதாவது அவுட்புட்டை நேராக கிரவுண்டில் ஷார்ட் செய்து வைத்திருக்கிறேன்!

டிஆர்சி ஒரு பிழையும் காட்டவில்லை. எப்படிக் காட்டும்? நாம் வரைந்த ஸ்கீமேட்டிக்கோடு, அதாவது சுற்று வரைபடத்தோடு, போர்டு ஒத்துப்போகிறதா என்றுதான் அது பார்க்கும். ஸ்கீமேட்டிக்கே தப்பென்றால் அதற்குத் தெரிய வழியில்லை.

ஒவ்வொரு ரெகுலேட்டரையும் ஹாட் ஏரில் கழற்றி, தகட்டுக்கு அடியில் வெப்பம் தாங்கும் கேப்டான் ஒட்டுநாடா ஒட்டி, மூன்று காலை மட்டும் பற்றவைத்தேன். ஓடியது, ஆனால் வெப்பம் இறங்க இடமில்லாமல் அரை மணி நேரத்தில் அணைந்தது. ஐம்பதும் வீண். இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்திலேயே அந்தப் படம் இருந்தது.

கீகேட் லைப்ரரியில் இந்த ரெகுலேட்டரின் உறைக்கு ‘டேப்பின்2’ (டேப், பின் 2) என்று பெயரிலேயே சொல்லும் ஃபுட்பிரிண்ட் உண்டு. அதை எடுங்கள். எடுத்த பிறகும் டேட்டாஷீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு காலாக ஒப்பிடுங்கள். டிரான்சிஸ்டருக்கும் இதே கதைதான்: பிசி547-ஐத் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். உருவம் ஒன்றுதான்.

காகிதத்தில் வைத்துப் பார்க்காதது

ஆர்டர் போடும் முன் 1:1 அளவில் அச்சிட்டு, கனெக்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். பிரிண்டர் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று இருந்தால் படத்தைச் சுருக்கிவிடும். ஓரமாக 100 மிமீ கோடு ஒன்று போட்டு ஸ்கேலால் அளந்துவிடுங்கள்.

காப்பரை நிரப்பாமல் கெர்பர் எடுப்பது

கீகேடில் பி அழுத்தி காப்பர் பகுதிகளை நிரப்புங்கள். அப்புறம் கெர்பர் (போர்டு தயாரிப்பவருக்கு அனுப்பும் கோப்பு).

0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைத் தூரத்தில் வைப்பது

ஐசியின் பவர் காலை ஒட்டி. வேறு இடம் கிடையாது.

வரைந்த கோப்பை ஒரே மென்பொருளில் பூட்டி வைப்பது

ஈகிள் என்ற பிசிபி மென்பொருளை 2016-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2026 ஜூன் 7-உடன் அதை நிறுத்துவதாக 2023-இலேயே அறிவித்துவிட்டது. பழைய ஈகிள் கோப்புகளைக் கீகேடில் இறக்க முடியும், ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்க்க வேண்டும். பிரவுசரில் வரைபவர்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு ஆர்டரின்போதும் கெர்பர், ஸ்கீமேட்டிக் பிடிஎஃப், பொருள் பட்டியல் மூன்றையும் ஒரே ஃபோல்டரில், தேதியோடு, உங்கள் கணினியிலேயே வைத்திருங்கள்.