4×5 கேமராவுக்கு முதல் லென்ஸும் துணைக் கருவிகளும்: தேர்ந்தெடுக்கும் முறை

4×5 அங்குல மடக்குக் கேமரா ஒன்று ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இத்தகைய பெரிய ஃபிலிம் கேமராக்களில், அதாவது லார்ஜ் ஃபார்மட்டில், லென்ஸ், ஷட்டர், லென்ஸ் போர்டு (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் பலகை) ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருள்கள்; எந்த நிறுவனத்தின் லென்ஸையும் எந்தக் கேமராவிலும் பொருத்தலாம் என்பது பெரும் வசதி. ஆனால் கேமராவின் அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் லென்ஸ் தேடத் தொடங்கினால், பொருந்தாத ஒன்றுக்குப் பணம் போய்விடும்.

முதலில் குவிய தூரம், அதாவது லென்ஸில் மி.மீ.யில் குறித்திருக்கும் எண். 4×5 ஃபிலிமில் படம் விழும் பரப்பு ஏறத்தாழ 95×120 மி.மீ.; அதன் மூலைவிட்டம் 153 மி.மீ. ஆகவே 150 மி.மீ. லென்ஸ்தான் இங்கே இயல்பான பார்வையைத் தருகிறது. 35 மி.மீ. கேமராவில் பழகியவர்கள் 90ஐ அங்குள்ள 25 என்றும், 210ஐ 60 என்றும் தோராயமாக எண்ணிக்கொள்ளலாம். முதல் லென்ஸாக எஃப் 5.6 துளை (இந்த எண் கூடக்கூட ஒளி புகும் துளை சிறிதாகும்) கொண்ட 150ஐத்தான் நான் பரிந்துரைப்பேன். நிக்கார்-டபிள்யூ, ஃபுஜினான்-டபிள்யூ, ஷ்னைடர் சிம்மார்-எஸ், ரோடன்ஸ்டாக் சிரோனார்-என் ஆகிய நான்கில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் வாங்குங்கள். இவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட, முக்காலியின் உறுதியும் ஃபோகஸ் செய்யும் பொறுமையும் நெகட்டிவில் அதிகமாகத் தெரியும். 90ஐ முதலில் வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. எஃப் 8 துளையில் கிரவுண்ட் கிளாஸின் (கேமராவின் பின்னால் பிம்பம் விழும் சொரசொரப்பான கண்ணாடி) மூலைகள் இருண்டு கிடக்கும், பெல்லோஸ் (லென்ஸையும் பின்பக்கத்தையும் இணைக்கும் துருத்தி) நெருக்கமாக மடிந்து, லென்ஸை உயர்த்துதல், சரித்தல் போன்ற அசைவுகளைத் தடுக்கும்.

அடுத்தது பிம்ப வட்டம். இங்கேதான் நான் நெடுநேரம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது, எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். லென்ஸ் பின்னால் வீசும் ஒளி ஒரு வட்டமாக விழுகிறது. ஃபிலிம் அந்த வட்டத்துக்குள் அடங்க வேண்டும், லென்ஸை உயர்த்தினாலும் சரித்தாலும் வெளியே போகக் கூடாது. மேலே சொன்ன 150 லென்ஸ்களுக்கு, தொலைவில் ஃபோகஸ் செய்து எஃப் 22இல் வைத்தால், இந்த வட்டம் சுமார் 210 மி.மீ. ஃபிலிமைக் கிடைமட்டமாக வைத்துக் கணக்கிட்டால், லென்ஸை ஏறத்தாழ 38 மி.மீ. உயர்த்த இடமிருக்கிறது. கோபுரத்தைக் கீழிருந்து எடுக்கும்போது கேமராவை அண்ணாத்தாமல், லென்ஸை மட்டும் உயர்த்தி, பக்கக் கோடுகள் சாயாமல் எடுக்க இது தாராளம். மாறாக, 154 மி.மீ. வட்டமே கொண்ட பழைய 90 மி.மீ. ஆங்குலான் லென்ஸில் ஒரு மி.மீ. உயர்த்தினாலே மூலை வெட்டுப்படும். எடை குறைவு, விலை குறைவு என்பதால் அதை நாடுவோர், அசைவுகளைத் துறந்துதான் வாங்குகிறோம் என்று அறிந்து வாங்க வேண்டும்.

வட்டம் போதுமா என்பதைக் களத்தில் சோதிக்க வழியுண்டு. பல கிரவுண்ட் கிளாஸ்களின் நான்கு மூலைகளும் வெட்டப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். லென்ஸை உயர்த்தி, படமெடுக்கப்போகும் துளைக்குச் சுருக்கிவிட்டு, அந்த வெட்டின் வழியே கண்ணை வைத்து லென்ஸைப் பாருங்கள். துளை முட்டை வடிவில், ஓரங்கள் உருண்டு முழுதாகத் தெரிந்தால் அந்த மூலைக்கு ஒளி வருகிறது. இரு முனையும் பாதாம் பருப்பைப் போலக் கூராகத் தெரிந்தால் லென்ஸின் விளிம்பு மறைக்கிறது. பிம்பம் தலைகீழாக விழுவதால் கோபுர உச்சி கண்ணாடியின் அடிப்பகுதியில் இருக்கும். லென்ஸை உயர்த்தும்போது முதலில் இருளுவதும் அந்தக் கீழ் மூலைகள்தாம், ஆகவே அவற்றை மட்டும் பார்த்தாலே போதும்.

ஷட்டரும் போர்டும் சேர்ந்தே வர வேண்டும். கோப்பால் ஷட்டர்கள் 0, 1, 3 என்ற அளவுகளில் வருகின்றன; கோப்பால் 0 ஷட்டருக்குப் போர்டில் சுமார் 34.6 மி.மீ. துளையும், கோப்பால் 1க்கு 41.6 மி.மீ. துளையும், கோப்பால் 3க்கு 65 மி.மீ. துளையும் தேவை. எஃப் 5.6 துளையுள்ள 150 பெரும்பாலும் 0இலும், 210 பெரும்பாலும் 1இலும் வரும். போர்டை இறுக்கும் பின்வளையம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து இயக்கிக் காதால் கேளுங்கள். நடுவில் இழுத்து நின்றால் அது சுத்தம் செய்யப்பட வேண்டியது, அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். டார்ச் ஒளியைப் பின்புறமிருந்து பாய்ச்சிப் பூஞ்சை இழைகள் உண்டா என்றும் பாருங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

துணைக் கருவிகளில் லூப் (ஃபோகஸ் பார்க்கும் உருப்பெருக்கி), கிரவுண்ட் கிளாஸைப் பார்க்கத் தலையை மூடும் கருந்துணி, கேபிள் ரிலீஸ் (கேமராவை அசைக்காமல் ஷட்டரை இயக்கும் கம்பி), ஒளிமானி, ஃபிலிம் ஹோல்டர்கள் (ஃபிலிம் தாளை ஒளிபடாமல் வைக்கும் சட்டங்கள்) ஆகியவை இல்லாமல் முடியாது. லூப் 4 முதல் 6 மடங்கு போதும். அதற்கு மேல் போனால் கண்ணாடியின் சொரசொரப்புத்தான் பெரிதாகும். கருந்துணிக்கு உள்ளே கறுப்பும் வெளியே வெள்ளையுமான துணியைத் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்வதையே விரும்புகிறேன், வெயிலில் அது சூடேறுவதில்லை. ஹோல்டர்களில் பழைய ஃபிடெலிட்டி எலீட், டோயோ இரண்டும் நம்பகமானவை. இருட்டறையில் டார்ச் வைத்து அடி மடிப்பில் ஒளி கசிகிறதா என்று ஒவ்வொன்றையும் சோதியுங்கள். ஃபிலிமை நெடுக்காகப் பிடித்து, விளிம்பில் உள்ள வெட்டு வலது மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால், மருந்துப் பக்கம் (ஒளியை உணரும் பக்கம்) உங்களை நோக்கி இருக்கிறது. ஹோல்டரில் ஃபிலிமை மூடும் தகடான டார்க் ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் ஒளிபடாத ஃபிலிம், கறுப்பு தெரிந்தால் எடுத்து முடித்தது என்பது பொது வழக்கம்.

பின்சேர்க்கை: அருகில் எடுத்த படங்கள் மட்டும் இருண்டு வருவதாக வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பெல்லோஸ் நீளும்போது ஒளி பரவி மங்குவதே காரணம். லென்ஸ் போர்டிலிருந்து கிரவுண்ட் கிளாஸ் வரை அளந்து, அதைக் குவிய தூரத்தால் வகுத்து, வந்த விடையை அந்த விடையாலேயே பெருக்குங்கள். ஒளிமானி சொன்ன நேரத்தை அத்தனை மடங்காக்குங்கள். 150 லென்ஸ் 300 மி.மீ. நீண்டிருந்தால் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியின் இரு மடங்கு). இதற்காகவே என் பையில் ஒரு தையல் டேப்பும் இருக்கிறது.