வழக்கொழிந்த ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஷேக்ஸ்பியர் நாடகத்தையோ 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளையோ முதன்முதலாகப் படிக்கிறவர்கள் 'ஹித்தர்', 'ஃபோர்சூத்' போன்ற சொற்களைக் கண்டு மிரள்வார்கள். அவற்றால் பெரிய தொல்லை இல்லை. தெரியாத சொல் என்று பார்த்தவுடனே புரிகிறது, அகராதியை எடுத்துவிடுகிறோம். இன்று நாம் தினமும் பேசும் சொல்லின் உருவத்திலேயே, வேறு பொருளோடு நிற்கும் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். அதற்கு யாரும் அகராதியைத் தொடுவதில்லை. அதனால் அப்படிப்பட்ட 'லெட்' என்ற சொல்லையே கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: முழு வாக்கியத்தையும் ஆண்டையும் குறியுங்கள்

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், முதல் அங்கம், நான்காம் காட்சி. தந்தையின் ஆவி கூப்பிடுகிறது. பின்னால் போகத் துடிக்கும் ஹாம்லெட்டைத் தோழர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். அவன் கத்துகிறான்: "ஐல் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மீ". நாடகம் எழுதப்பட்டது 1600-ஐ ஒட்டி. நூல், காட்சி, ஆண்டு ஆகிய மூன்றும் உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும். ஆண்டு இல்லாவிட்டால் அகராதியில் எந்தப் பொருளை எடுப்பது என்றே தெரியாது.

படி 2: இன்றைய பொருளைப் பொருத்திப் பாருங்கள்

'லெட்' என்றால் இன்று 'விடு', 'அனுமதி'. அதை வைத்தால் "என்னைப் போக விடுகிறவனைக் கொன்று ஆவியாக்குவேன்" என்று வருகிறது. காட்சியில் நடப்பதோ நேர்மாறு. இப்படி ஒட்டாமல் நிற்கும் இடம்தான் தேடலின் தொடக்கம். வாக்கியம் எப்படியோ ஒப்பேறுகிறது என்று கடந்து போகாதீர்கள். பெரும்பாலான தவறான வாசிப்புகள் இங்கேதான் பிறக்கின்றன.

படி 3: அகராதியில் எல்லாத் தலைச்சொற்களையும் பாருங்கள்

இதற்கென்றே அமைந்தது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. லண்டன் ஃபிலாலஜிக்கல் சொசைட்டி 1857-இல் திட்டமிட்டது. முதல் பகுதி 1884-இல் வந்தது, முதல் பதிப்பு 1928-இல் நிறைவடைந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டு வரிசையில் மேற்கோள்கள் இருக்கும். உங்கள் வாக்கியத்தின் ஆண்டுக்கு அருகிலுள்ள மேற்கோள்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். குத்துவாள் போன்ற குறி இருந்தால் அந்தப் பொருள் அடியோடு மறைந்துவிட்டது என்று அர்த்தம். 'ஆர்க்கெய்க்' என்ற குறிப்பு அதிலிருந்து வேறானது: பேச்சில் இல்லை, ஆனாலும் பழமை தொனிக்க எழுதுவோர் இன்னும் எடுத்தாளுகிறார்கள்.

இணையத்தில் இதற்குச் சந்தா வேண்டும். கட்ட முடியாதவர்களுக்கு முதல் பதிப்பின் ஸ்கேன் பிரதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதியும், அதற்கும் முந்தைய தொல் ஆங்கிலத்துக்கான பாஸ்வர்த்-டாலர் அகராதியும் இலவசம்.

'லெட்' என்று தேடினால் வினைச்சொல்லாகவே இரண்டு தனிப் பதிவுகள் வரும். முதல் பதிவோடு நிறுத்துகிறவர்கள் 'அனுமதி' என்ற பொருளோடு திரும்பிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது: 'தடு'.

படி 4: வேருக்குப் போங்கள்

தொல் ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள். 'லேட்டன்' என்றால் விடுதல். 'லெட்டன்' என்றால் தடுத்தல், தாமதப்படுத்துதல். இடைக்காலத்தில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே உருவமாயின. ஒரே ஒலிக்கு நேரெதிரான இரு பொருள்கள் இருந்தால் பேச்சில் குழப்பம்தான். 'தடு' என்பது மெல்ல மெல்ல வழக்கிலிருந்து விலகியது.

ஆனால் வேர்ப்பொருளை எல்லாக் காலத்துக்கும் பொருத்தாதீர்கள். 'நைஸ்' லத்தீனின் 'நெஸ்கியுஸ்' என்பதிலிருந்து வந்தது, அதன் பொருள் 'அறியாத'. அதற்காக இன்று ஒருவரை நைஸ் என்றால் மூடர் என்றாகாது. வேர் சொல்வது தொடக்கத்தை. அந்தந்தக் காலத்தின் பொருளை மேற்கோள்தான் காட்டும்.

படி 5: பழைய அச்சைப் படிக்கும்போது மூன்று பொறிகள்

யு, வி இரண்டும் அன்று ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். சொல்லின் முதலில் வி, நடுவில் யு வரும். 'லவ்' என்பதை யு போட்டு அச்சிட்டிருப்பார்கள். தேடும்போது இரு எழுத்துக்கூட்டலையும் தட்டச்சு செய்யுங்கள்.

எஸ் எழுத்தின் பழைய வடிவமான நீண்ட எஸ் பார்வைக்கு எஃப் போலவே இருக்கும். 1800-ஐ ஒட்டித்தான் அச்சிலிருந்து மறைந்தது. ஒரு சொல் நூல்களில் எந்த ஆண்டு எவ்வளவு வந்தது என்று காட்டும் கூகுள் என்கிராம் வரைபடத்தில், பழைய நூல்களின் 'பெஸ்ட்' பல இடங்களில் 'பெஃப்ட்' என்று பதிவாகியிருக்கிறது. ஆகவே 1800-க்கு முந்தைய வளைவுகளை அப்படியே நம்பக் கூடாது.

மூன்றாவது, 'யீ ஓல்டு' என்று கடைப் பலகைகளில் வரும் 'யீ'. அது 'தி' என்றுதான் ஒலிக்கப்பட்டது. அந்த ஒலிக்குத் தொல் ஆங்கிலத்தில் 'தார்ன்' என்ற தனி எழுத்து இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சு எழுத்துகளில் அது இல்லாததால், உருவத்தில் நெருங்கிய ஒய்யை வைத்தார்கள்.

படி 6: 'தௌ', 'யீ' யாரைச் சுட்டுகின்றன?

இதில் தமிழ் வாசகருக்கு நல்ல வசதி உண்டு. 'தௌ' நீ, 'தீ' உன்னை, 'தை' உன். பன்மையில் 'யீ' நீங்கள் (கடைப் பலகையின் 'யீ' அல்ல, இது வேறு சொல்), 'யூ' உங்களை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து, பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி, ஒருவரையே மரியாதையாக 'யூ' என்றழைக்கும் பழக்கம் பரவியது. நம் நீ-நீங்கள் போலத்தான். 1603-இல் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட கடலோடி வால்டர் ராலேயின் வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக், அவரை இழிவுபடுத்தவே வேண்டுமென்று 'தௌ' போட்டுப் பேசினார்.

கிங் ஜேம்ஸ் பைபிளில் மட்டும் இந்த மரியாதைக் கணக்கு கிடையாது. கடவுளானாலும் அரசனானாலும் ஒருவர் என்றால் 'தௌ'தான். லூக்கா 22:31, 32 வசனங்களைப் பாருங்கள். சாத்தான் 'யூ'வைப் புடைக்கக் கேட்டான், நானோ 'தீ'க்காக வேண்டிக்கொண்டேன். முதலாவது சீடர் எல்லோரும், இரண்டாவது பேதுரு ஒருவர். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ' ஆகி வேறுபாடு மறைந்துவிட்டது. தமிழ் பைபிளில் 'உங்களை', 'உனக்காக' என்று அப்படியே இருக்கிறது. ஐயம் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பழைய நடையில் எழுதிப் பார்ப்பவர்கள் வினைச்சொல்லின் கடைசியில் கண்ட இடத்திலெல்லாம் 'எத்' விகுதியை ஒட்டுகிறார்கள். 'ஐ கோயத்' என்பது எந்தக் காலத்திலும் பிழை. 'தௌ' வந்தால் 'எஸ்ட்', 'ஹீ', 'ஷீ' வந்தால் 'எத்', 'ஐ'க்கு எதுவும் இல்லை.

படி 7: இன்று எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது?

சட்டமும் விளையாட்டும் பழைய சொற்களை எளிதில் விடுவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தைப் பிரியுங்கள்: "வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்", அதாவது தடையின்றிச் செல்ல விடுங்கள். டென்னிஸில் சர்வ் செய்த பந்து வலையில் உரசி உரிய கட்டத்தில் விழுந்தால் நடுவர் சொல்லும் 'லெட்' அதே தடைதான். ஆங்கிலத்தில் எழுதும் கிரயப் பத்திரங்களில் 'விட்னெசத்' (சாட்சி கூறுகிறது) என்று வருகிறதே, அது 'எத்' விகுதியின் மிச்சம்.

பயிற்சிக்கு 'மீட்' என்ற சொல்லை எடுங்கள். கிங் ஜேம்ஸ் பைபிளில் ஆதியாகமம் 1:29-இல் செடிகளும் பழங்களும் 'மீட்' ஆகக் கொடுக்கப்படுகின்றன. அங்கே இறைச்சி ஒட்டாது. படி 2-இலிருந்து தொடங்கி, பாஸ்வர்த்-டாலரில் 'மெட்டெ' வரை போய்ப் பாருங்கள்.