காய்ச்சல் காலத்தில் ஊராட்சித் தீர்மானம் எழுதும் முறை

ஐப்பசி மழை இறங்கியதும், சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்து வார்டு உறுப்பினர்கள் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளரான என்னிடம் வந்து கேட்பார்கள்: "அண்ணாச்சி, ஊரில் காய்ச்சல். சந்தையை மூடிவிடலாமா?"

மூடுவதற்கு ஒரு வரி போதும். அதற்கு முன் எழுத வேண்டிய வரிகள் சில உண்டு.

எந்த நோயைச் சந்தேகிக்கிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள். டெங்கு என்றால் சந்தையை மூடி என்ன பயன்? அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுச் சிமென்ட் தொட்டியிலும் பழைய டயரிலும் வளர்கிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் போதும். புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழுவைத் தொடாது. ஆனாலும் எல்லோரும் கேட்பது புகையைத்தான். தெருவில் நாலு பேர் கண்ணில் படுகிறதே!

வயிற்றுப்போக்கு என்றால் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1854-இல் லண்டன் பிராட் தெருவில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காலரா இறப்புகளைக் கணக்கெடுத்து, அந்தத் தெரு அடிகுழாயின் தண்ணீரைச் சந்தேகித்து, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அந்தக் கிருமியை ராபர்ட் கோக் உலகுக்கு நிறுவிக் காட்டியதோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து. கைப்பிடியைக் கழற்றியதால் மக்களுக்கு அடுத்த குழாய்வரை நடை, அவ்வளவே. சந்தேகம் பொய்த்தால் மறுபடி மாட்டிவிடலாம். இழப்புச் சிறிது, திரும்பப் பெறக்கூடியது என்றால் துணிந்து செய்யுங்கள். நம் மேல்நிலைத் தொட்டிக்குக் குளோரின் போடுவதும் இந்த வகைதான். ஆனால் கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சுகிறதா என்று சோதிக்க வேண்டும். தொட்டியடியிலேயே சோதித்துக் கையெழுத்திடும் பழக்கம் எனக்கு ஆகவே ஆகாது.

தெருவை அடைப்பது அப்படிப்பட்டதல்ல. அங்கே இழப்பு யாருக்கு என்று எழுதியே தீர வேண்டும். 2020 ஊரடங்கில் பீடி சுற்றும் பெண்களுக்குக் கடையிலிருந்து இலையும் தூளும் வரவில்லை, கூலி நின்றது. எனக்கு ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்தது. காப்பு ஊருக்கெல்லாம், பட்டினி அந்த வீடுகளுக்கு மட்டும் என்றால் தீர்மானம் நியாயமாகாது. அரிசி, பருப்பு, மருந்து யார் பொறுப்பில் எந்த நாளில் போய்ச் சேரும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இந்த இடத்தில் யாராவது வக்கீல் தம்பி எழுந்து, முன்னெச்சரிக்கைக் கொள்கை, அதாவது தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்பது, இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டுவார். உண்மைதான். ஆனால் அது தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கு. தீங்கில்லை என்று நிரூபிக்கும் சுமையை நீதிமன்றம் தொழில் நடத்துபவர்மீது வைத்தது. அதைப் பீடித் தட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவள் தலையில் இறக்கிவைக்காதீர்கள்.

முடியும் நாளையும் குறியுங்கள். "மறு உத்தரவு வரும்வரை" என்ற சொற்களை அடித்துவிடுங்கள். மறு உத்தரவு போட யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு வாரம் புதிய நோயாளி இல்லையென்றால் தடை தானாக நீங்கும் என்று எழுதலாம். நகலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். ஊராட்சி அலுவலகப் பலகை பாதி நாள் பூட்டிய கம்பிக்கதவுக்கு உள்ளேதான் இருக்கும்.