குப்பைமேட்டுப் புகை வரும் நாளில் இழுப்புள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எப்படி

சென்னையில் கொடுங்கையூர் குப்பைமேட்டை ஒட்டி எங்கள் வீடு. ஒரே அறை, ஒரே ஜன்னல். முந்நூறு ஏக்கருக்கு மேல் கிடக்கும் அந்த மேட்டில் வெயில் காலத்தில் தீப்பிடித்தால், எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் இருமுவார்கள். என் மகளுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்து இழுப்பு, அதாவது ஆஸ்துமா. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்க எங்களிடம் வழியில்லை. அது இல்லாமல் என்ன செய்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். மாடியில் துணி காயப்போடும் கொடியில் பழைய புடவைக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருக்கிறேன். மேட்டுப் பக்கமிருந்து வீட்டைப் பார்த்துப் பறந்தால் ஜன்னலை மூடி, கதவிடுக்கில் ஈரத்துணி வைப்பேன். திசை மாறினதும் உடனே திறந்துவிடுவேன். மூடியே வைத்தால் தாளிக்கிற புகை உள்ளேயே சுற்றும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் புகை தரையோடு தங்கும்; நல்லா வெயில் ஏறின பிறகுதான் திறக்க வேண்டும்.

போனில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலி இருந்தால் கொடுங்கையூர், பக்கத்து மணலி இரண்டுக்கும் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் எண்ணைப் பார்க்கலாம். 200 தாண்டினால் ‘மோசம்’ என்று காட்டும். இழுப்புள்ள பிள்ளைக்கு 100 தாண்டினாலே கவனம் வேண்டும். அன்று இவளை ஓடி விளையாட விடமாட்டேன். ஆனால் அந்த எண் 24 மணி நேரச் சராசரி. இப்போது கிளம்பிய புகை அதில் உடனே தெரியாது. மூக்கு எரிந்தால் மூக்கை நம்புங்கள்.

அடுத்தது பம்ப், அதாவது டாக்டர் எழுதிக் கொடுக்கிற இன்ஹேலர். இதைத்தான் நிறையப் பேர் தவறாகச் செய்கிறார்கள். நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே நின்றுவிடும். பம்புக்கும் வாய்க்கும் நடுவில் ‘ஸ்பேசர்’ என்கிற கூடு வேண்டும். வாங்க முடியாதபோது அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும். அடிப்பக்கத்தில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். கம்பியை அந்த வடிவத்தில் வளைத்துச் சூடாக்கி அழுத்தினால் சுத்தமாக வெட்டுப்படும். சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள், துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்பைக் குலுக்கி ஒருமுறை அடித்ததும், பிள்ளை பாட்டில் வாயைக் கவ்விக்கொண்டு நிதானமாக ஐந்தாறு முறை மூச்சை இழுத்து விட வேண்டும். அடுத்த அடிக்கு மறுபடியும் குலுக்குங்கள். எத்தனை அடி என்று டாக்டர் சொன்னதை அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். நான் வேலைக்குப் போனாலும் அத்தை பார்த்துக் கொடுப்பார். கைக்குழந்தைக்கு இந்த பாட்டில் சரிப்படாது, முகமூடி வைத்த ஸ்பேசர்தான் வேண்டும்.

பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புக்கிடையே சதை உள்ளே இழுத்தாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காதீர்கள். பம்பை அடித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள்ளும் புகை இருக்கிறது. கொசுவத்திச் சுருள் ஒன்று எரிந்து தீர்வதற்குள் விடுகிற நுண்துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாது. அத்தையிடம் இதைச் சொல்லி நிறுத்த எனக்கு ஒரு வருடம் ஆனது. இப்போது கொசுவலைதான். சாம்பிராணியும் இல்லை. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறேன். வெளியே போனால் பெரியவர்கள் என்95 மாஸ்க் போடலாம், ஓரத்தில் காற்று கசியாமல் இருக்க வேண்டும். கைக்குட்டையோ ஈரத்துண்டோ இந்த நுண்துகளைத் தடுக்காது.

கடைசியாக ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், கிழிசல் பறந்த திசை, என்ன நாற்றம், அன்று பிள்ளைக்கு எத்தனை அடி கொடுத்தீர்கள். மாநகராட்சியின் 1913-க்குப் புகார் சொன்னால் புகார் எண்ணையும் அதே வரியில் எழுதுங்கள். ஒருமுறை ஓர் அலுவலகத்தில், “எப்போதாவது வருகிற புகைதானேம்மா” என்றார்கள். நோட்டைப் பிரித்துக் காட்டினேன், ஒரே மாதத்தில் பதினொரு நாள். அதற்குப் பிறகுதான் உட்காரச் சொல்லிக் கேட்டார்கள். இப்போது எங்கள் மாடியில் நான்கு வீட்டில் நோட்டு இருக்கிறது. டாக்டரிடம் போகும்போதும் அதை எடுத்துப் போங்கள், எந்த நாளில் இழுப்பு கூடியது என்று அவருக்கும் தெரியட்டும்.