குறைமாத இரட்டையர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது பெற்றோர் செய்ய வேண்டியவை

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த இரட்டையரோ மூவரோ பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது, ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் குறிப்பேடு வைத்து, எடை, பாலின் அளவு, மருத்துவர் கூறியவை ஆகியவற்றை நாள்தோறும் எழுதிவாருங்கள். களைப்பில் ஒரு குழந்தையின் விவரம் இன்னொன்றினுடையதாக நினைவில் பதிந்துவிடுவது மிக எளிது.

மற்ற எதையும்விடத் தாய்ப்பாலுக்கே நான் முதலிடம் தருவேன். பிறந்த சில மணி நேரத்துக்குள் பால் எடுக்கத் தொடங்கி, இரவு உட்பட நாளுக்கு 8 முறையாவது எடுத்துவந்தால் சுரப்பு பெருகும். முதலில் வரும் சில துளிகளையும் வீணாக்காதீர்கள். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் கர்ப்பகாலக் கணக்கில் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் கைகூடத் தொடங்கும் என்பதால், அதுவரை குழாய்வழியே பால் ஊட்டப்படுவதைக் கண்டு கலங்க வேண்டாம்.

மருத்துவக் குழு இசைந்ததும், குழந்தையை வெற்று மார்பில் தோலோடு தோல் படும்படி அணைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பைத் தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைப் பரிந்துரைத்தது. தாய் ஒரு குழந்தையையும் தந்தை மற்றதையும் ஏந்தலாம். அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு குழந்தை முன்னதாக வீடு திரும்ப நேரலாம். அப்போது, உள்ளே இருக்கும் குழந்தையிடம் யார், எப்போது செல்வது என்பதை முன்பே வகுத்துக்கொள்ளுங்கள்.