எடை குறையட்டும்னு காத்திருக்காதீங்க, பதட்டத்துக்கு போன்லயே ஆரம்பிக்கலாம்

வடசென்னை டி.எச். ரோட்ல ஷேர் ஆட்டோ வந்து நிக்கும், உள்ள நாலு பேரு இருப்பாங்க, ஏறலாமா வேணாமான்னு யோசிக்கறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், அப்டியே போனை நோண்டற மாதிரி நின்னு ஆட்டோவ விட்டுடுவேன். உடம்பு பெருசா இருக்கற நெறைய பேருக்கு இது தெரியும். மொதல்ல எடைய குறை, எல்லாம் சரியாயிடும்னு சொல்லுவாங்க, அது வரைக்கும் பயந்துனே இருக்கணுமா? பதட்டத்துக்கு தனியா வைத்தியம் இருக்கு, அத போன்லயே ஆன்லைன்ல ஆரம்பிக்கலாம்.

மொதல்ல ஒருதடவ டாக்டர பாருங்க, எங்க ஏரியான்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தானே. தைராய்டு, ரத்த சோகை, குறட்டையோட தூக்கத்துல மூச்சு நிக்கறது, இதுலயும் படபடப்பு வரும். நெஞ்சு அழுத்துது, வேர்த்து கொட்டுதுன்னா ஆன்லைன்லாம் வேணாம், நேரா 108 ஆம்புலன்ஸ்.

அப்புறம் பதட்டம் எவ்ளோ இருக்குன்னு பாக்க ஜிஏடி-7னு ஒரு கேள்வித்தாள், நெட்ல ஃப்ரீயா இருக்கு. கடந்த 2 வாரத்த பத்தி 7 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 3, மொத்தம் 21. பத்தும் அதுக்கு மேலயும் வந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. தேதி போட்டு எழுதி வைங்க, பின்னாடி ஒப்பிட்டு பாக்கலாம்.

சிபிடி முறைல, அதாவது நெனப்பையும் நடந்துக்கற விதத்தையும் மாத்திப் பழகற சிகிச்சை முறைல, நடக்கற ஆன்லைன் ப்ரோக்ராமா தேடுங்க, வாராவாரம் ஒரு பாடம், வீட்டுல செய்ய பயிற்சி. நடுவுல ஒரு ஆள் போன்லயோ மெசேஜ்லயோ விசாரிக்கற மாதிரி இருந்தா நல்லது, தனியா ஆரம்பிச்சா பாதில விட்டுடுவோம். பதட்டத்துக்குன்னு சொல்லிட்டு டயட் பவுடர் விக்கறாங்கன்னா மூடிடுங்க.

இதுல எனக்கு ரொம்ப கைகொடுத்தது ஒரு எக்செல் ஷீட்தான். எங்க, என்ன தோணுச்சு, பயம் பத்துக்கு எவ்ளோ, நெஜமா என்ன நடந்துச்சு, நாலே கட்டம். என் மொத வரி: தண்டையார்பேட்டை ஸ்டாப், காலைல 9 மணி, எல்லாரும் மூஞ்ச சுளிப்பாங்க, 8. நடந்தது, ஒரு அம்மா கூடைய மடில எடுத்து வச்சிகினு "ஏறும்மா, லேட்டாவுது"ன்னாங்க. எல்லா நாளும் இப்டி இருக்காது, "ரெண்டு சீட்டு காசு குடு"ன்னு நெஜமாவே கேட்டவங்களும் உண்டு, அதையும் எழுதுங்க. எல்லாம் உங்க கற்பனைன்னு யாரும் சொல்லல, ஒருத்தர் பேசினத பத்து பேர் தலைல ஏத்தி வச்சிருக்கோமான்னு பாக்கத்தான் அந்த ஷீட்டு.

அடுத்தது படிப்படியா ஏறணும். கூட்டம் இல்லாத மத்தியானம் ஒரே ஸ்டாப், அப்புறம் ரெண்டு, அப்புறம் காலைல 9 மணி. படபடப்பு வந்தவுடனே எறங்கிடாதீங்க, எறங்கினா பயம்தான் ஜெயிக்கும், உக்காந்திருந்தா கொஞ்ச நேரத்துல அதுவா தணியும். எம்.சி. ரோடு துணிக்கடைதான் என்னோட ஆறாவது படி, போன வாரம் போய் "இதவிட பெரிய சைஸ் எடுங்கண்ணா"ன்னு வாய்விட்டு கேட்டேன்.

ராத்திரில தாங்க முடியலன்னா, உயிர விட்டுடலாம்னு தோணுச்சுன்னா, ப்ரோக்ராம தொறந்துனு உக்காராதீங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு அடிங்க, இலவசம், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

டாக்டர் மாத்திரை எழுதினா எடை ஏறுமான்னு அங்கயே கேளுங்க, சில மாத்திரைல பசி அதிகமாகும், சொன்னா வேற பாத்து எழுதுவாங்க, நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க.